பிரம்படியும் மயக்க மருந்தும்

வலி என்பது உடலுக்கு நேர்வதா, அன்றி உடலைத் தன்னுடையதென்று பற்றிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு நேர்வதா என்னும் வினா, நம் நாட்டுத் தரிசனங்கள் யாவும் ஏதோ ஒரு கட்டத்தில் எதிர்கொண்டு விடை கூற முயன்ற பழைய வினா. ஆயினும் அதை மடத்துத் திண்ணையிலிருந்து எடுத்து வந்து, ஒரு மேஜையின்மேல் கிடத்தி, சில நிமிஷங்களுக்குள் பரீட்சித்துக் காட்டிவிடும் ஒரு சிகிச்சை இக்காலத்து எலும்பு வைத்தியத்தில் இருக்கிறது. இறுகிப் போன தோளையுடைய நோயாளியை மயக்க மருந்தினால் உறங்கச் செய்துவிட்டு, வைத்தியர் தம் கைகளாலேயே அத்தோளை நாற்புறமும் அசைத்து, மூட்டைச் சுற்றிச் சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் உறையைக் கிழித்து விடுவிக்கும் முறை அது. அதில் கத்தி இல்லை, தையல் இல்லை, முடிந்த பின் வெளித்தோலில் ஒரு கீறலும் காணப்படாது.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்நோயின் கொடுமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில் பன்னீர் திராட்சைக் கொடிகள் தலைக்குமேல் பந்தலில் படர்கின்றன. கவாத்துச் செய்வதாயினும், கொடி கட்டுவதாயினும், குலை அறுப்பதாயினும், நாள் முழுதும் கைகளை மேலே தூக்கி நின்றாலன்றி வேலை நடவாது. அங்கே தோள் இறுகியவர் பந்தலின் கீழிருந்து வெளியேற்றப்பட்டவரே ஆகிறார். வேலையினால்தான் இந்நோய் வருகிறது என்று எண்ணிவிடலாகாது. பெரியகுளத்தில் நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதுபவருக்கும் அது வரும். நாற்பதிலிருந்து அறுபது வயது வரை உள்ளவர்களை, அவர்களிலும் பெண்களைச் சற்று மிகுதியாக, நீரிழிவு உள்ளவர்களைப் பன்மடங்கு மிகுதியாக அது நாடுகிறது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக அந்தக் கை உதவும். கூந்தலை முடியவோ, ரவிக்கையின் பின்கொக்கியை மாட்டவோ, பரண்மேல் இருக்கும் பானையை எடுக்கவோ உதவாது. இரவில் அந்தப் பக்கமாகப் புரண்டு படுத்தால் உறக்கம் போய்விடும். சித்த வைத்தியர் இதனைக் கும்பவாதம் என்பர். தைலமும் தொக்கணமும் செய்வர். ஜனங்கள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மேல்நாட்டில் 1872-இல் துப்ளே என்னும் பிரெஞ்சு சஸ்திர வைத்தியர் இந்நோயைத் தனியே பிரித்து விவரித்தார். மயக்கத்தில் வைத்து மூட்டை அசைத்து விடுவிக்கும் யோசனையும் அவர் காலத்திலிருந்தே வருகிறது. 1934-இல் பாஸ்டன் நகரத்துக் காட்மன் இதற்கு உறைந்த தோள் என்று பெயரிட்டு, வரையறுப்பதற்கும் குணப்படுத்துவதற்கும் காரணம் கூறுவதற்கும் கடினமானதென்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தும் அந்த மூன்றாவது கடினம் தீர்ந்தபாடில்லை. விசித்திரம் என்னவென்றால், பெரும்பாலோருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டுக்குள் இந்நோய் எவருடைய உதவியுமின்றித் தானே தளர்ந்து விலகுகிறது. சிலருக்கு மட்டும் ஓரளவு இறுக்கம் நின்றுவிடுகிறது. பொறுத்திருக்க இயலாதவர்களும், மாத்திரைக்கும் ஊசிக்கும் பயிற்சிக்கும் இணங்காத தோளை உடையவர்களுமே அந்த மேஜைக்குக் கொண்டுவரப்படுகின்றனர்.

அங்கே நடப்பது இது. பால்போல் வெளுத்த புரோபஃபால் என்னும் மருந்து இரத்த நாளத்தின் வழியே செலுத்தப்படுகிறது. பேசிக்கொண்டிருந்தவர் ஒரு சொல்லின் நடுவிலேயே இல்லாமற் போகிறார். வைத்தியர் ஒரு கையால் தோள்பட்டை எலும்பை அசையாமல் அழுத்திப் பிடித்து, மற்றொரு கையால் புஜத்தை அக்குளுக்கு மிக அருகில் பற்றுகிறார். முழங்கையைப் பற்றித் தூக்கினால் நெம்புகோலின் நீளம் கூடிப் புஜ எலும்பே ஒடிந்துவிடக்கூடும் என்பதனால் இந்தச் சாவதானம். பிறகு கையை முன்புறமாகவும், பக்கவாட்டிலும், வெளிப்புறமாகவும், உட்புறமாகவும் மெல்ல, ஆனால் விடாமல், அதன் எல்லை வரையிலும் கொண்டுபோகிறார். உறை கிழியும்போது சடசடவென்று ஓர் ஒலி கேட்கிறது. கேளாவிட்டாலும் அது வைத்தியரின் உள்ளங்கைக்குத் தெரிகிறது. விழித்திருக்கும் மனிதனொருவனுக்கு இதைச் செய்தால் அதற்குச் சித்திரவதை என்பதைத் தவிர வேறு பெயர் இராது. சிறிது நேரத்தில் கண் திறக்கும் நோயாளியோ, "எப்பய்யா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்கிறார். "முடிஞ்சு போச்சும்மா" என்று விடை வருகிறது.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே கிடக்கிற பள்ளம் எத்தகையது? தோள் கிழிந்தது மெய். கிழிந்ததை அறிவிக்க வேண்டிய நரம்புகள் தங்கள் காரியத்தைச் செய்தே இருந்தன என்பதும், மயக்கம் லேசாக இருந்தால் அந்தக் கணத்தில் நாடித்துடிப்பு ஏறுகிறது என்பதும் மெய். வலி என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று அங்கே வந்து, பெற்றுக்கொள்வார் இல்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டது என்று கூறுவதா? அல்லது பெற்றுக்கொள்வார் இல்லாத இடத்தில் வலி என்ற பதார்த்தமே உண்டாகவில்லை என்று கூறுவதா?

பிருகதாரண்யக உபநிஷத்தில் அஜாதசத்ரு என்னும் அரசன், தன்னிடம் பிரமத்தைப் போதிக்க வந்து தோற்றுப் போன கார்க்கியனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, உறங்கிக் கிடக்கும் ஒருவன் அருகில் நிறுத்துகிறான். பெயர்களைச் சொல்லி அழைத்தபோது எழாத அவன், கையால் தட்டியவுடன் எழுந்துகொள்கிறான். அறிவே வடிவான இவன் இதுவரை எங்கே இருந்தான் என்பது அரசன் எழுப்பும் வினா. அந்த உறங்குபவனாவது கை பட்டதும் எழுந்தான். நம்முடைய நோயாளி தோள் கிழிந்தும் எழுவதில்லை. அரசன் இன்று நம் ஆஸ்பத்திரி ஒன்றினுள் வந்து நின்றானாயின் தன் வினாவை இன்னும் கூர்மையாக்கியிருப்பான் என்றே நினைக்கிறேன். சாந்தோக்கியத்தில் பிரஜாபதியிடம் பாடம் கேட்ட இந்திரனுக்கும் இதே இடத்தில்தான் கால் இடறியது. கனவும் இல்லாத நித்திரையில் இருப்பதே ஆத்மா என்று குரு கூற, அந்நிலையில் ஒருவன் தன்னையும் அறியான், பிறவற்றையும் அறியான், அழிந்தவனைப் போலன்றோ கிடக்கிறான், இதில் நான் நன்மை எதையும் காணவில்லையே என்று அவன் திரும்பி வந்து முறையிடுகிறான். முன்னரே தொண்ணூற்றாறு ஆண்டு காத்திருந்தவனை இன்னும் ஐந்தாண்டு காத்திருக்கச் சொல்கிறார் பிரஜாபதி. இந்திரனுடைய சந்தேகம் நேர்மையானது. தேவர்களுக்கு அரசனாயிருந்தும் அதைக் கூச்சமின்றி வெளியிட்டான் என்பதற்காகவே அவனிடம் எனக்கு மரியாதை உண்டாகிறது.

வேதாந்திகள் கூறும் சமாதானம் பிரசித்தமானது: விழித்தவன் தான் சுகமாகத் தூங்கியதையும், அப்பொழுது ஒன்றும் அறியாதிருந்ததையும் நினைவுகூர்கிறான், அனுபவித்ததையன்றி நினைவுகூர இயலாது, ஆகவே அந்த அறியாமையையும் பார்த்துக்கொண்டு ஒரு சாட்சி அங்கே இருந்திருக்க வேண்டும். நையாயிகர் இதற்கு இசையார். அது நினைவன்று, எழுந்தபின் உடம்பின் இலேசைக் கண்டு செய்துகொள்ளும் அனுமானம் என்பர். மயக்க மருந்து நையாயிகர் பக்கம் சற்றுச் சாய்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இயற்கையான உறக்கத்தில் காலம் கழிந்ததை உடம்பு எப்படியோ உணர்கிறது. மயக்கத்திலிருந்து எழுபவரோ பெரும்பாலும் காலம் கழிந்ததையே நம்புவதில்லை. சுகமாகத் தூங்கினேன் என்று அவர் கூறுவது அரிது. இன்னும் தொடங்கவில்லையா என்பதே அவர் கேட்பது. நினைவு இல்லை என்பதனால் சாட்சியும் இல்லை என்று ஆகிவிடாது என வேதாந்தி மறுப்பார்; மறுக்கட்டும், அது நியாயமே. ஆயினும் நினைவைச் சான்றாகக் கொண்டு கட்டிய வாதத்துக்கு அந்தச் சான்று இங்கே கிடைக்கவில்லை.

எனக்குச் சைவ சித்தாந்தத்தின் கூற்றே இவ்விடத்தில் அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. மெய்கண்டார் தம் சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் ஆன்மா உண்டென்று நிறுவும் காரணங்களுள் உறக்கத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார். உறக்கத்தில் மூச்சு நடக்கிறது, ஆனால் நுகர்ச்சியும் தொழிலும் இல்லை. ஆகவே மூச்சு ஆன்மா அன்று. மயக்க மேஜையில் கிடப்பவரைக் காண்பவருக்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுமா? மூச்சு சீராக இயங்குகிறது, நாடி ஓடுகிறது, அறிபவர் மட்டும் அங்கே இல்லை. ஆன்மா தானாக எதையும் அறியாது, கருவிகளைச் சார்ந்தே அறியும் என்றும், விழிப்பில் முப்பத்தைந்தாய் இருந்த அக்கருவிகள் கனவில் இருபத்தைந்தும் கனவற்ற உறக்கமாகிய சுழுத்தியில் மூன்றுமாகக் குறைந்துபோக, ஆன்மா நெற்றியை விட்டுக் கண்டத்துக்கும், கண்டத்தை விட்டு இருதயத்துக்கும் இறங்குகிறதென்றும் அந்நெறியினர் வகுத்தனர். எண்ணிக்கையைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. அறிபவன் அழியவில்லை, அறியும் கருவிகளை இழந்து இருளில் நிற்கிறான் என்ற அந்த மையக்கருத்து, இந்திரனுடைய அச்சத்துக்கும் நோயாளியின் வினாவுக்கும் ஒருங்கே விடை கூறுகிறது. அதனினும் முக்கியமாக, அந்த இருளைச் சித்தாந்தி வீடுபேறு என்று மயங்கவில்லை. கேவலம் என்று அதற்குப் பெயரிட்டு, ஆணவம் அங்கே முழு வலிமையோடு மூடிக்கொண்டிருக்கிறது என்று எச்சரித்தான்.

ஆணவத்தைக் குறிப்பிட்டது காரணத்தோடுதான். 2018-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் சிலர், உறைந்த தோள் என்று நிர்ணயிக்கப்பட்ட ஐந்து பேரை மயக்கத்துக்கு முன்னும் மயக்கத்திலும் அளந்து பார்த்து, எதையும் கிழிப்பதற்கு முன்னரே, மயக்கம் ஏறிய மாத்திரத்தில், கையின் பக்கவாட்டு அசைவு ஐவருக்குமே கூடிவிட்டதைக் கண்டார்கள். ஐந்து பேரைக் கொண்டு உலகத்துக்கெல்லாம் விதி செய்வது தகாது. உறை மெய்யாகவே சுருங்கியிருக்கும் தோள்கள் பல உண்டு என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் அந்த ஐவரின் இறுக்கத்தில் ஒரு பங்கு சதையின் குற்றமன்று, காவலின் குற்றம் என்பது தெரிகிறது. வலிக்கும் என்று அஞ்சி, அவர்கள் அறியாமலே அவர்களுடைய தசைகள் தோளைப் பற்றிக்கொண்டிருந்தன; அஞ்சுபவர் அகன்றவுடன் தோள் தானே தளர்ந்தது. நான் என்னும் ஒன்று வலியைப் பெற்றுக்கொள்பவனாக மாத்திரம் இல்லாமல், கட்டின் ஒரு முடிச்சாகவும் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பருப்பொருளான சாட்சியம் தத்துவ நூல்களில் எனக்கு அகப்படவில்லை. ஆனால் மருந்து இறங்கியதும் அதே காவற்காரன் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறான். கேவலத்தில் அடங்கியது அழிந்ததாகாது.

இனி, வலி யாருடையது என்பதைப் பற்றி வைகை நதியே வைத்திருக்கும் கதைக்கு வருகிறேன். வருஷநாட்டு மலையில் பிறந்து, முல்லைப் பெரியாற்றின் நீரையும் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே ஏற்றுக்கொண்டு வரும் வைகையை, ஆண்டிபட்டிக்கு அருகில் 1959-இல் காமராஜர் திறந்து வைத்த அணை எழுபத்தொரு அடி மட்டும் தேக்கி நிறுத்துகிறது. அணையில்லாத காலத்தில், மாணிக்கவாசகரைப் பாண்டியன் வருத்தியதன் பொருட்டு இறைவன் திருவுளத்தால் பெருகிய வெள்ளம் மதுரையை அழிக்க வந்ததென்றும், கரையை அடைக்க வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று அரசாணை பிறந்ததென்றும், பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் ஆளற்ற கிழவியின் பங்கை அடைக்க உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசிக்கொண்டு சொக்கநாதரே கூலியாளாக வந்தார் என்றும் பரஞ்சோதி முனிவர் தம் திருவிளையாடற் புராணத்தில் விரித்துரைக்கிறார். வந்தவர் வேலை செய்யவில்லை. ஆடினார், பாடினார், பிட்டைத் தின்றார், உறங்கினார். வெகுண்ட பாண்டியன் பொற்பிரம்பை ஓங்கி முதுகில் அடித்தான். அந்த அடி பாண்டியன் முதுகிலும், தேவியின் முதுகிலும், அமைச்சர், சேனை, தேவர், விலங்கு, கருவிலிருந்த சிசு ஆகிய எல்லார் மேலும் ஏககாலத்தில் விழுந்தது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைந்தார், கரை நின்றது.

ஆவணி மூலத்தன்று மதுரையில் ஆண்டுதோறும் நடக்கும் இவ்விழாவைப் பக்திக்காகக் காண்பவரே பலர். அதனுள் இருக்கும் தர்க்கத்தைக் கவனிப்பவர் சிலர். எல்லா உயிர்களிலும் இருப்பவனை அடித்தால் எல்லா உயிர்களுக்கும் வலிக்கும் என்பது அத்வைதியும் சித்தாந்தியும் தத்தம் வழியில் எடுத்துக்கொள்ளக்கூடிய உரை. என்னைக் கவர்வது வேறொன்று. வலியை உடம்பின் எல்லைக்குள் பூட்டி வைத்தவர்கள் நாம். கதை அந்தப் பூட்டை உடைக்கிறது. அடித்தவனுக்கே வலித்தது என்பதில்தான் அக்கதையின் முழு நியாயமும் அடங்கியிருக்கிறது. பாண்டியன் திருந்தியது உபதேசத்தினால் அன்று, தன் முதுகில் பட்ட அடியினால்.

மயக்க அறையில் நடப்பது இதன் மறுதலை என்று தோன்றலாம்: அங்கே ஓர் அடி எல்லார் மேலும் விழுந்தது, இங்கே விழும் அடியை வாங்கியவரே அறியவில்லை. ஆனால் உற்று நோக்கினால் இவ்விரண்டும் அவ்வளவு தூரம் விலகியவையல்ல. உறை கிழியும் ஒலியை நோயாளி ஒருவரைத் தவிர அவ்வறையில் நிற்கும் அனைவரும் கேட்கின்றனர். முதன்முதலாக அதைக் கேட்கும் மாணவர் முகத்தைச் சுளிப்பதும், தம் தோளைத் தாமே அறியாமல் ஒடுக்கிக்கொள்வதும் இயல்பு. அனுபவமுள்ள வைத்தியர் முகம் சுளிப்பதில்லை. ஆயினும் எவ்வளவு வலுவைச் செலுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதை நோயாளியின் முனகலைக் கொண்டு அளக்க இயலாதபடி தாமே அந்த முனகலைப் பறித்துவிட்டார் என்பதை அவர் அறிவார். விழித்திருப்பவன் ஐயோ என்று கத்தும்போது கை தானே நின்றுவிடும். உறங்குபவனிடம் அந்த எல்லைக்கல் கிடையாது. எலும்பு ஒடிதல், மூட்டு நழுவுதல், தசைநாண் அறுதல், நரம்பு இழுபடுதல் ஆகிய விபத்துகள் அரிதாயினும் நேர்வன. எலும்பு நொய்ந்த முதியவர்களுக்கு இச்சிகிச்சையைத் தவிர்ப்பதும் அதனால்தான். ஆகவே நோயாளி பட வேண்டிய வலி மாயமாக மறைந்துவிடவில்லை; கவலையாகவும் கவனமாகவும் உருமாறி, புஜத்தைப் பற்றியிருக்கும் கைகளுக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. அந்த இடப்பெயர்ச்சி நடவாத அறையில், அதாவது உறங்குபவருக்கு ஒன்றும் தெரியாது என்பதையே அனுமதியாகக் கொள்ளும் கைகளில், இதே சிகிச்சை இம்சையாகவே இருக்கும், வெளிப்பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாவிட்டாலும்.

வைகைக்கரையிலேயே, 1896 ஜூலை மாதத்தில், மருந்தெதுவும் இல்லாமல் வேறு விதமான பரீட்சை ஒன்று நடந்தது. மதுரையில் சித்தப்பாவின் வீட்டு மாடியில், பதினாறு வயது வேங்கடராமன் திடீரென்று மரணபயத்தால் பீடிக்கப்பட்டு, பிணம்போல் நீட்டிப் படுத்து, கைகால்களை விறைப்பாக்கிக்கொண்டு, இவ்வுடல் சாகுமானால் நான் சாவேனா என்று விசாரித்தான். பின்னாளில் அவனே ரமண மகரிஷி. மயக்க மருந்து நானை அகற்றிவிட்டு உடலைத் தளர்த்துகிறது. அந்த இளைஞன் உடலை விறைக்க விட்டு நானைத் தேடினான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய இடது கையில் சதைப் புற்று தோன்றி, 1949-இல் நான்கு முறை சஸ்திர சிகிச்சை நடந்தும் அடங்காமல், 1950 ஏப்ரல் 14-இல் அவ்வுடல் வீழ்ந்தது. உடம்பையே பகவான் என்று கொண்டு துன்பத்தை அதன்மேல் ஏற்றுகிறார்களே என்று அவர் அன்பர்களைப் பார்த்து இரங்கியதாகக் குறிப்புகள் உள. வலி இல்லை என்று அவர் சாதித்ததாக நான் படித்ததில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அந்த நிலை கைகூடும் என்பது வேறு கேள்வி. கைகூடாதவர்களுக்காகத்தான் புரோபஃபால் இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் தங்கள் பல்லைப் பிடுங்கும்போது ஊசி வேண்டாம் என்று சொல்லட்டும்.

மேஜையிலிருந்து இறங்கிய பிறகுதான் கதையின் நெடிய பாகம் தொடங்குகிறது. அன்றைக்கே அல்லது மறுநாளே கையை அசைக்கத் தொடங்க வேண்டும். சுவரில் விரல்களை நடத்தி மேலேற்றவும், உத்தரத்துக் கயிற்றைப் பற்றி நல்ல கையால் நோயுள்ள கையை இழுக்கவும், வாரக்கணக்கில், விழித்துக்கொண்டே, வலியைத் தெரிந்தே பயில வேண்டும். பயிலாவிட்டால் கிழிந்த உறை மீண்டும் சுருங்கும். குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயமா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் மார்ஜார நியாயமா என்று வைணவப் பெரியார்கள் இரு கலையாகப் பிரிந்து வாதிட்டனர். இந்தச் சிகிச்சையில் பூனைக்குட்டியாக இருப்பது சில நிமிஷங்கள், குரங்குக்குட்டியாக இருப்பது சில மாதங்கள். முன்னதற்குப் பின்னது கூலி அன்று. நாம் இல்லாதபோது நமக்குச் செய்யப்பட்ட ஒன்றை, நாம் இருக்கும்போது நம்முடையதாக ஏற்பது எப்படி என்பதே அப்பயிற்சியின் பொருள் எனக் கொள்கிறேன்.

இவ்வளவும் கூறிய பின், இச்சிகிச்சையே சிறந்ததென்ற எண்ணத்தை வாசகரிடம் விட்டுச் செல்வது முறையாகாது. 503 நோயாளிகளைக் கொண்டு, முப்பத்தைந்து ஆஸ்பத்திரிகளில் நடத்தப்பட்டு, 2020-இல் லான்செட் பத்திரிகையில் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி, மயக்கத்தில் அசைத்தல், துளையிட்டு உறையை வெட்டுதல், ஊசியோடு கூடிய முறையான பயிற்சி ஆகிய மூன்றில் எதுவும் மற்றவற்றை ஐயமற வென்றதாகக் காணவில்லை. செலவையும் பயனையும் சேர்த்து நோக்கியபோது மட்டும் மயக்கத்தில் அசைத்தல் முந்தியது. நான்காவதாகக் காத்திருத்தலும் இருக்கிறது. தானே விலகப் போகும் கட்டைப் பலாத்காரமாக அறுப்பது தகுமா என்று கேட்பவருக்கு, அவரவர் ஆண்டின் கணக்கு வேறு என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுதும் திராட்சை பழுக்கும் பள்ளத்தாக்கில் இரண்டாண்டுப் பொறுமை என்பது பல கவாத்துக் கூலிகளின் இழப்பு. ஓய்வூதியம் பெறுபவருக்கு அதே இரண்டாண்டு தைலம் தேய்த்துக்கொள்ளும் காலம். ஆகையால் க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, மதுரைக்கோ தோளைப் பிடித்துக்கொண்டு போகும் ஒரு பந்தல் வேலைக்காரி வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியது, மயக்கத்தில் வலிக்குமா என்பது அன்று. தன் சர்க்கரை எவ்வளவு, தன் எலும்பு எப்படி, எழுந்த பின் தினமும் பயிற்சி சொல்லித் தருபவர் தன் ஊருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பவையே. இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு சம்மதப் பத்திரத்தில் அவள் கையெழுத்திடலாம். இறுகியது வலத்தோளே ஆனாலும் முழங்கையும் மணிக்கட்டும் அதற்குத் தடை சொல்வதில்லை.